பலகைத் தளத்தில் வைத்த தாம்பாளம்

சென்ற மாதம் நர்ஸிங் பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன விழா. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்கள். பழைய ஆட்கள் என்று எங்கள் நாலைந்து பேரையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். தூங்குகிற பிள்ளையின் காதில் சுண்டுவிரல் நுனியளவு ஒரு குமிழைச் சொருகினார்கள். பிள்ளை விழிக்கக்கூட இல்லை, அதற்குள் முடிவு வந்துவிட்டது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டீ குடிக்கும்போது பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, "அக்கா, மெஷின் இல்லாத காலத்துல காதை எப்படி டெஸ்ட் செஞ்சிய?" என்று கேட்டாள்.

"தப்பாத்தான் செஞ்சோம் மக்கா" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிரேஸ் அக்காவுக்கு இன்னும் கிண்டல் போகவில்லை என்று யாரோ சொன்னார்கள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெண்ணின் கேள்வி என்னை விடவில்லை. முழுப் பதிலையும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்தது நாற்பத்தேழில். வயது பத்தொன்பது. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரித்தேன், பெட்பேன் கழுவினேன், சிரிஞ்சு வேகவைத்தேன், மேட்ரனிடம் திட்டு வாங்கினேன், மறுபடியும் பெட்பேன் கழுவினேன். நாடு சுதந்திரம் அடைந்த அன்றைக்கும் எனக்கு டியூட்டி இருந்தது. மூன்று வருஷம் கழிந்ததும் என்னைக் கண் வார்டில் போட்டார்கள். அங்கே டாக்டர் ஜெபமணி இருந்தார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருக்கிறோம். யாராவது ஒரு தப்பைச் செய்துவிட்டால் நோயாளியின் கேஸ் ஷீட்டை எடுத்து அவர்கள் கையில் கொடுப்பார். "வாசி" என்பார். வாசிப்போம். "இன்னொரு மட்டம் வாசி" என்பார். இரண்டாவது தடவை வாசிக்கும்போது செய்த தப்பு நம் கண்ணுக்கே தெரிந்துவிடும். அவ்வளவுதான் தண்டனை.

கேஸ் ஷீட் விஷயத்தில் அவருக்கு ஒரு கண்டிப்பான சட்டம் இருந்தது. எழுதியதை அடிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. "எழுதினது கெடக்கட்டு. தப்புன்னா அதுக்குக் கீழ சரியானத எழுது. தேதியப் போடு, ஒப்பப் போடு. தப்பு கண்ணுல பட்டாத்தான் நாளைக்கு இன்னொருத்தன் அதச் செய்யமாட்டான்" என்பார். நான் அப்போதெல்லாம் மனசுக்குள், நான் எதற்குத் தப்பாக எழுதப் போகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். இருபத்திரண்டு வயதில் அப்படித்தான் இருந்தேன்.

ஐம்பத்தொன்றில், ஆனி மாதம் என்று நினைவு, வட்டக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் ராமலிங்கம், கொப்பரை வியாபாரி. நெற்றியில் அய்யாவழிக்காரர்கள் தங்கள் கோயிலான பதியில் வாங்கி இடும் வெள்ளை மண் நாமம். மனைவி செல்லத்தாய்க்கு என் வயதுதான் இருக்கும். மடியில் பத்து மாதப் பெண் குழந்தை, கனகம். குழந்தையின் இரண்டு கண்மணியும் வெள்ளையாக இருந்தன. ஜன்னல் பக்கம் திருப்பினால் வெளிச்சத்தை நோக்கித் தலையைத் திருப்பும், வேறு எதையும் பார்க்காது. உடம்பும் நோஞ்சான்.

டாக்டர் கண்ணைப் பார்த்தார். பிறகு, கண் டாக்டர் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். 'லப் டப்' என்பதற்கு நடுவில் உஸ்ஸென்று ஒரு சத்தம் இருந்தது.

பிறகு செல்லத்தாயிடம் விசாரித்தார். அவருடைய விசாரணை கேட்க நன்றாக இருக்கும். கர்ப்பத்தில் எத்தனையாவது மாதம் என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சரியாகச் சொல்ல வராது. அவர் வயலை வைத்துக் கேட்பார். நாஞ்சில் நாட்டில் இரண்டு போகம், ஆவணி வாக்கில் அறுக்கும் கன்னிப்பூ, மாசி வாக்கில் அறுக்கும் கும்பப்பூ. அதைச் சொன்னால் போதும், எல்லோருக்கும் எல்லாம் நினைவு வந்துவிடும்.

"பிள்ள பொறந்தது எப்பம்?"

"கன்னிப்பூ அறுத்து வைக்கோல் காஞ்சிட்டிருந்துது."

"அப்போ அதுக்கு முந்தின கும்பப்பூ அறுப்பு சமயத்துல உனக்கு மூணு மாசம். அப்பம் எங்க இருந்த?"

"அம்மை வீட்டுல. அறுப்புக்குப் போயிருந்தேன்."

"ஒடம்புக்கு என்னமும் வந்துதா? மேல தடிப்பு, பொரிச்சல்?"

செல்லத்தாய் ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தாள். "வந்துது ஐயா. மேலெல்லாம் செவப்பா சின்னச் சின்னதாப் பொரிஞ்சுது. மூணு நாளுதான். பதியில இருந்து நாமமும் தண்ணியும் வாங்கிக் குடிச்சேன், போயிட்டுது. அடையாளம்கூட இல்ல. அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"சும்மா கேட்டேன்" என்றார் டாக்டர்.

அவர்கள் போன பிறகு எனக்கு விளக்கம் சொன்னார். ஆஸ்திரேலியாவில் ஒரு கண் டாக்டர் கண்டுபிடித்த விஷயம், ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் பத்திரிகையில் வாசித்திருக்கிறார். மூன்று நாளில் வந்து போகும் அந்தச் சின்ன அம்மை கர்ப்பத்தின் முதல் மூன்று நான்கு மாதத்தில் வந்தால், தாய்க்கு ஒன்றும் ஆகாது, வயிற்றுப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும். கண், இருதயம், காது, சில பிள்ளைகளுக்கு மூளையும். "அவகிட்ட சொல்லாத" என்றார். "அவ தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா சொன்னா அவ சாகுறது வரை அந்த மூணு நாளத்தான் நெனச்சிட்டிருப்பா."

ஆபரேஷனை ஒவ்வொரு கண்ணாகச் செய்தார். கண்மணித் திரையை ஊசியால் கீறிவிட வேண்டும், அது மெல்லக் கரையும். டாக்டரின் வேலை கால் மணி நேரம். நர்ஸின் வேலை அதற்குப் பிறகு பத்து நாள். பிள்ளை கண்ணைக் கசக்கக் கூடாது. அதற்காக இரண்டு முழங்கையும் மடங்காதபடி மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றிக் கட்டுவோம். கனகம் இரண்டு கையையும் விறைப்பாக நீட்டிக்கொண்டு கிடப்பாள். கட்டை அவிழ்த்து, கழுவி, மறுபடி கட்ட நான் போனால் அலறுவாள். வார்டில் அத்தனை பேர் இருந்தும் என் ஒருத்தியைத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மதராஸிலிருந்து கண்ணாடி வந்தது. கால் விரற்கடை தடிமன். காதில் மாட்டினால் நிற்காது என்று நாடா வைத்துப் பின்தலையில் கட்டினோம். பிள்ளை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். பிறகு கையை நீட்டி அம்மையின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். செல்லத்தாய் வலியில் கத்திக்கொண்டே சிரித்தாள். நான் திரும்பி நின்று அழுதேன். என் வேலையில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் அனுபவித்ததில்லை.

இனி என் பங்கு வருகிறது.

டாக்டர் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு நோட்டுப் போட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்வோம். எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது, பேச்சு உண்டா, காது கேட்கிறதா, சொன்னதைச் செய்கிறதா. எழுதுவது நான், ஒப்புப் போடுவது அவர். கனகம் இரண்டு வயதில் நடந்தாள். பேச்சு வரவில்லை. ஆனால் அம்மையும் பிள்ளையும் கையாலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். விரலைக் குவித்து வாயில் வைத்தால் சோறு. மீசையை முறுக்கினால் அப்பா. உள்ளங்கையை நெற்றியில் இழுத்தால் பதிக்குப் போகலாம். என்னைக் கண்டதும் கனகம் இரண்டு கையையும் விறைப்பாக முன்னால் நீட்டினாள்.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"உங்களத்தான் சொல்லுகா. சிம்பு கெட்டுன சிஸ்டராம்" என்று செல்லத்தாய் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்.

அடுத்த தடவை வந்தபோது காதைச் சோதித்தேன். எப்படிச் சோதிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே ஒரு முறை வைத்திருந்தேன். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. கண் வார்டு மாடியில் இருந்தது, தேக்குப் பலகைத் தளம். அங்கே ஓர் அறையைப் பூட்டிக்கொண்டு, பிள்ளையைத் தரையில் உட்கார வைத்து, முன்னால் நாலு பொம்மையைப் போடுவேன். கையில் தாம்பாளத்தைப் பிடித்துத் தட்டினால் நிழல் அசைவதைப் பிள்ளை பார்த்துவிடலாம். அதனால் பின்னால் போய் மண்டியிட்டு, பித்தளைத் தாம்பாளத்தைத் தரையிலேயே வைத்து மரக்கரண்டியால் ஓங்கி ஒரு அடி. பிள்ளை திரும்பினால் காது கேட்கிறது. கனகம் சட்டென்று திரும்பினாள். மூன்று தடவை தட்டினேன், மூன்று தடவையும் திரும்பினாள்.

கேஸ் ஷீட்டில் எழுதினேன்: காது கேட்கிறது. பேச்சு இல்லை. புத்தி மந்தம். டாக்டர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லாப் பாத்தியா?" என்றார். "மூணு மட்டம் பாத்தேன் ஐயா" என்றேன். ஒப்புப் போட்டார்.

ராமலிங்கம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். செல்லத்தாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்க பிள்ளைக்கு எல்லாம் தெரியும் சிஸ்டர்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. எல்லாத் தாயும் சொல்வதுதானே என்று நினைத்தேன். அந்தக் கோபத்தோடு கேட்காத ஒரு யோசனையையும் சொன்னேன். "காது நல்லாக் கேக்குது. நீங்க கையக் காட்டிக் காட்டித்தான் அவ வாயத் தொறக்க மாட்டேங்கா. இனிமே கையக் காட்டப்பிடாது. வாயால மட்டும் பேசுங்க. அப்பந்தான் பேச்சு வரும்." யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. புத்தகத்திலும் இல்லை. எனக்குத் தோன்றியது, சொன்னேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஓடிற்று. கனகத்துக்கு ஒரு வார்த்தை வரவில்லை. வரும்போதெல்லாம் செல்லத்தாய் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். நோட்டில் நான் "மாற்றம் இல்லை" என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

ஐம்பத்தாறு சித்திரையில் கன்னியாகுமரியில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். கனகத்தின் புதுக் கண்ணாடி வந்திருந்தது. போகிற வழிதானே, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

ராமலிங்கத்தின் வீட்டை ஒட்டி மணல் முற்றம். அதில் பாய் பாயாகக் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. கனகம் என் பக்கம் முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்து கொப்பரை பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று குவியல். நல்லது ஒன்று, ஓரம் கறுத்தது ஒன்று, பூஞ்சணம் பிடித்தது ஒன்று. நான் வந்ததைப் பார்த்து ராமலிங்கம் எழுந்து வந்தார். "இது யாரு பிரிச்சது?" என்று கேட்டேன். "அவதான். இதுக்கெல்லாம் சாமர்த்தியம் உண்டு. மந்தம்ன்னுல்லா ஆசுவத்திரியில எழுதிட்டாவ" என்றார். குற்றம் சொல்கிற தொனி இல்லை, நடந்ததைச் சொல்கிற தொனிதான். எனக்குத்தான் முகம் சுட்டது.

அந்த நேரத்தில் காக்கைக் கூட்டம் கொப்பரையில் வந்து இறங்கியது. ராமலிங்கம் ஒரு காலித் தகர டின்னை எடுத்துக் கம்பால் படபடவென்று அடித்தார். கனகத்தின் தலைக்குப் பின்னால் ஆறடி தூரம் இருக்கும். எனக்குக் காது அடைத்துவிட்டது. காக்கை அத்தனையும் எழும்பிற்று. கனகம் அசையவில்லை. கையிலிருந்த கொப்பரையைத் திருப்பிப் பார்த்து, கறுத்த குவியலில் போட்டாள்.

"அண்ணாச்சி, இன்னொரு மட்டம் அடிங்க" என்றேன்.

அடித்தார். அவள் திரும்பவில்லை.

செல்லத்தாய் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பலகைக் கட்டிலில் உட்கார வைத்து நான் பழைய கண்ணாடியை அவிழ்த்தேன். பின்னால் வந்த ராமலிங்கம் கையிலிருந்த டின்னைக் கட்டில்மேலேயே கால்மாட்டில் தொப்பென்று வைத்தார். பெரிய சத்தம்கூட இல்லை. கனகம் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பலகைத் தளத்தில் எப்படித் திரும்பினாளோ அப்படியே.

அவள் கேட்டுத் திரும்பவில்லை. பலகை அதிர்ந்தது, உடம்பு உணர்ந்தது, திரும்பினாள். நிழல் விழாமல் இருக்க வேண்டும் என்று நான் அவ்வளவு கவனமாகத் தாம்பாளத்தைத் தரையில் வைத்தேனே, அந்தக் கவனத்தில்தான் எல்லாம் கெட்டது.

அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. தைரியம் இல்லை. வியாழக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். செல்லத்தாய் சரி என்றாள். பிள்ளையிடம் குனிந்து, வாயை அகலத் திறந்து, "சிஸ்டரு வந்திருக்காவ பாரு" என்றாள். இரண்டு கையையும் முந்தானையில் சுற்றி இறுக்கி வைத்திருந்தாள். புண்ணோ என்று நினைத்து, "கையில என்ன?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றாள்.

கல்யாண வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. ஆரல்வாய்மொழி செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையில், காது கேட்காத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அப்போது எங்கள் ஜில்லா மதராஸில் இல்லை, அது வேறு ராஜ்யம் என்றாலும் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வருஷத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வார்கள். டாக்டர் பெயர்களை எழுதி அனுப்ப வேண்டும். புத்தி மந்தமான பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. ஆறு வயது தாண்டினாலும் சேர்ப்பதில்லை. கனகத்துக்குப் புரட்டாசியில் ஆறு முடிகிறது. பட்டியல் அந்த வாரம் போகிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. அவள் ஆயுசுக்கும் கொப்பரை பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டர் முன்னால் போய் நின்றேன். கனகத்தின் கேஸ் ஷீட்டை நானே எடுத்துப்போனேன். அவர் கேட்பதற்கு முன்னால் நானே வாசித்தேன். இரண்டாவது தடவையும் வாசித்தேன். பிறகு டின் சத்தத்தைப் பற்றியும் கட்டிலைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தாம்பாளத்த எங்க வச்சுத் தட்டின?"

"பலகையில ஐயா."

"நான் பக்கத்துல வந்து பாத்திருக்கணும்" என்றார். பட்டியலை மடித்து மேஜை டிராயரில் வைத்தார்.

வியாழக்கிழமை அதே அறை. முதலில் பழைய மாதிரியே தரையில் தட்டினேன், திரும்பினாள். பிறகு அவளுக்கு அடியில் இரண்டு மெத்தையைப் போட்டு, தாம்பாளத்தைக் கையில் தூக்கிப் பிடித்துத் தட்டினேன். திரும்பவில்லை. டாக்டர் என் கையிலிருந்து கரண்டியை வாங்கி அவரே தட்டினார். கீழே சிமெண்ட் வராந்தாவுக்குக் கொண்டுபோய் அங்கேயும் தட்டினோம். இல்லை.

பிறகு அவர் ஒரு தட்டு நிறைய மருந்துக் குப்பிகளையும் மூடிகளையும் கலந்து அவள் முன்னால் வைத்தார். கனகம் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரியான மூடியைச் சரியான குப்பியில் போட்டு முடித்தாள். ஒரு குப்பிக்கு மட்டும் மூடி இல்லை. அதை எடுத்து டாக்டரின் கையிலேயே திருப்பிக் கொடுத்து, என்ன இது என்பதுபோல் பார்த்தாள். அந்த மூடியைத் தொலைத்தது நான்தான்.

டாக்டர் ஷீட்டை என்னிடம் நீட்டினார். பழைய வரியின் கீழே எழுதினேன்: காது கேட்கவில்லை. முந்தைய சோதனை தவறு, தள அதிர்வு. புத்தி நன்றாக இருக்கிறது. தேதி போட்டு ஒப்புப் போட்டேன். டாக்டர் அதற்குக் கீழே, "நானும் பார்க்கத் தவறினேன்" என்று எழுதி ஒப்புப் போட்டார். அப்படி எழுத அவரை யாரும் கேட்கவில்லை.

அந்த ஆனியில் கனகம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். ஐப்பசியில் எங்கள் ஜில்லா மதராஸோடு சேர்ந்து, அவள் படிக்கிற ஊரும் பிறந்த ஊரும் ஒரே ராஜ்யம் ஆயிற்று. எழுதப் படிக்கத் தெரிந்து, தையல் படித்து, நன்றாகவே பிழைத்தாள். நோட்டிலிருந்த மற்றப் பிள்ளைகளையும் மெத்தையில் உட்கார வைத்து மறுபடி சோதித்தோம். இன்னும் இரண்டு பேருக்குக் காது கேட்கவில்லை. அதில் ஒருவனுக்கு அப்போதே வயது கடந்துவிட்டது. அவன் முகம் இப்போதும் எனக்கு முன்னால் வரும். அதற்கு நான் எதையும் ஈடு சொல்ல முடியாது.

ஆனால் விழாவில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியது அந்த வியாழக்கிழமையில்தான் இருக்கிறது. வராந்தாவில் செல்லத்தாய் நின்றுகொண்டிருந்தாள். டாக்டர் அவளிடம் நேராகச் சொன்னார். "பிள்ளைக்குக் காது கேக்காது அம்மா. இனியும் கேக்காது. புத்திக்கு ஒரு கொறையும் இல்ல. நாங்க எழுதினது தப்பு."

அவள் விழுந்து அழுவாள் என்று பயந்து பக்கத்தில் போய் நின்றேன். அவள் அழவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அப்போ நான் கை காட்டலாமா சிஸ்டர்?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவள் முந்தானையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதான கையக் காட்டப்பிடாதுன்னு சொன்னிய. சும்மா இருந்தா கை தன்னால எழும்புது. அதான் சுத்தி வச்சுக்கிடுவேன்."

மூன்று வருஷம். பிள்ளையின் கையை நான் இரண்டு தடவை பத்துப் பத்து நாள்தான் கட்டிவைத்தேன். "காட்டுங்க, என்னை மன்னிச்சிருங்க" என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை.

செல்லத்தாய் மகளின் முன்னால் உட்கார்ந்தாள். எதில் தொடங்குவது என்று யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் கண்ணைக் காட்டி, இரண்டு கையையும் விறைப்பாக முன்னால் நீட்டினாள். கனகம் அம்மையின் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. அவளும் இரண்டு கையையும் நீட்டினாள்.

அவள் மறக்கவில்லை. அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.